கட்டை வச்சியா?

என் அக்கா பகலில் பஸ் ஓட்டுகிறாள். அது சம்பளத்துக்கு. ஆட்டம் இருக்கிற நாட்களில் சாயங்காலம் ஐஸ் ஹாக்கி அரங்கத்தில் ஒரு கதவைத் திறந்து மூடுகிறாள். அது அவளுக்கு.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பனிக்கட்டித் தரையில் சறுக்கிக்கொண்டே, வளைந்த மட்டையால் ஒரு ரப்பர் வில்லையை அடித்து வலைக்குள் தள்ள வேண்டும். ஒருவன் இன்னொருவனைக் காலை இடறிவிட்டாலோ, முகத்தில் முழங்கையைக் கொடுத்தாலோ, நடுவர் விசில் ஊதி அவனை ஓரத்தில் இருக்கிற கண்ணாடிப் பெட்டிக்கு அனுப்புவார். இரண்டு நிமிடம் உள்ளே உட்கார வேண்டும். அதுவரை அவன் டீம் ஓர் ஆள் குறைவாக ஆடும். எங்கள் ஆளுக்கு ஒரு பெட்டி, எதிர் டீமுக்கு ஒன்று, நடுவில் ஒரு தடுப்பு. இரண்டு கதவும் அக்கா பொறுப்பு.

மற்ற ஊர்க் கதவுக்காரர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். அக்காவோ, உள்ளே வருகிறவன் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிடுவாள்.

"வாங்க சார், உக்காருங்க. என்ன சாதிச்சீங்கன்னு உள்ள வந்தீங்க?"

"அவன்தான்க்கா முதல்ல இடிச்சான்."

"அவன் நடுவர் திரும்பி நிக்கும்போது இடிச்சான். நீ நடுவர் மூக்குக்கு நேரா இடிக்கிற. இடிக்கக்கூடத் தெரியல, உனக்கெல்லாம் எதுக்குடா மட்டை?"

எதிர் டீம்காரனும் தப்ப முடியாது. அவனிடம் கொஞ்சம் மரியாதையாக ஆரம்பிப்பாள். "தம்பி எந்த ஊரு? அம்மா டிவில பாத்துட்டு இருப்பாங்கல்ல? இப்படியா எட்டி உதைக்கிறது?" இரண்டு நிமிடம் முடிந்து அவன் வெளியே போகும்போது, ஜெயிலில் இருந்து விடுதலையான மாதிரி இருக்கும் முகம்.

எங்கள் டீம் பெயர் நீர்நாய்கள். பெயர் வைத்தவர் நல்ல எண்ணத்தில்தான் வைத்திருப்பார். எதிர் டீம் ரசிகர்கள் முன்பாதியை விட்டுவிட்டுத்தான் கூப்பிடுவார்கள். நாங்களும் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு திரும்பக் குரைப்போம். நான் கடைகளுக்கு ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கிறவன். அரங்கத்தின் கம்ப்ரஸரும், பனிக்கு அடியில் ஓடுகிற குளிர்க் குழாய்களும் என் பொறுப்பு. அக்கா குடியிருப்பது என் வீட்டு மாடியில். அதனால் அவளைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம்.

டெப்போவில் அவளுக்கு வேறொரு பெயர். யாராவது பஸ்ஸை உள்ளே நிறுத்திவிட்டு இறங்கினால், எங்கிருந்தோ ஒரு குரல் வரும். "கட்டை வச்சியா?" நிறுத்திய வண்டியின் முன் சக்கரத்துக்கு அடியில் ஒரு முக்கோண மரக்கட்டையைச் செருக வேண்டும் என்பது அந்த டெப்போவின் வழக்கம். புதிதாக வந்த டிரைவர் மறந்துவிட்டால் அன்றைக்கு அவனுக்கு டீ இறங்காது. டெப்போவின் தலைமை மெக்கானிக், அவரை எல்லோரும் கிரீஸ் என்பார்கள், அக்காவை 'கட்டையம்மா' என்றே கூப்பிடுவார். நான் ஸ்கூட்டரை வாசலில் நிறுத்தினால்கூட மாடி ஜன்னல் திறக்கும். "கட்டை வச்சியாடா?" ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி நான் ஓய்ந்துவிட்டேன்.

இவ்வளவு பேசுகிறவள் ஒரு காலத்தில் வாயே திறக்கவில்லை என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

அவள் வீட்டுக்காரர், எங்கள் மாமா, அதே பஸ்ஸில் கண்டக்டர். முன்னால் அவள் ஸ்டீயரிங், பின்னால் அவர் விசில். வீட்டுச் சண்டையை பஸ்ஸில் தொடர்வார்கள், பயணிகள் பஞ்சாயத்து பண்ணுவார்கள். ஒரு நாள் வண்டி கடைசி நிறுத்தத்துக்கு வந்தும் விசில் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் மாமா பின் சீட்டில் தலை சாய்ந்து கிடந்தார். மாரடைப்பு.

காரியங்கள் முடிந்ததும் அக்கா வேலைக்குப் போனாள். வேறு கண்டக்டர். விசில் ஒன்று கேட்டால் நிறுத்துவாள், இரண்டு கேட்டால் கிளம்புவாள். பேச்சு கிடையாது. வீட்டிலும் அப்படித்தான். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து பேசிப் பேசிப் பார்ப்பாள். அக்கா தட்டைக் கழுவி வைத்துவிட்டு மாடிக்குப் போய்விடுவாள். அழுதால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

வெளியூர் ஆட்டங்களுக்கு டீமை ஏற்றிப் போகிற பஸ் டெப்போ பஸ்தான். அக்காவைத்தான் போடுவார்கள். பேசாத டிரைவர் என்றால் கோச்சுக்கும் வசதி. ஒரு நாள் எங்கள் ஊரிலேயே ஆட்டம். டீமை இறக்கிவிட்டு அக்கா ஓரமாக நின்றிருந்தாள். பெட்டிக் கதவுக்காரர் படியில் சறுக்கிக் காலை உடைத்துக்கொண்டார். ஆள் இல்லை. கோச் கண்ணில் அக்கா பட்டாள்.

"கதவுதாம்மா. பஸ் கதவு மாதிரிதான். விசில் கேட்டா திற, நேரம் முடிஞ்சா திற. அவ்வளவுதான்."

அக்கா தலையை ஆட்டினாள். முதலில் வந்தவன் எதிர் டீம்காரன். ஆறரை அடி, அகலமும் அதற்குத் தக்கபடி. செய்யாத தப்புக்கு அனுப்பிவிட்டார்கள் என்று ஆத்திரத்தில் அழுதுகொண்டே வந்து உட்கார்ந்தான். மட்டையால் பெட்டியை ஓங்கி ஓங்கிக் குத்தினான். கண்ணாடி அதிர்கிறது, கூட்டம் சிரிக்கிறது. நான் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மூக்கைத் துடை" என்றாள்.

அவன் அப்படியே உறைந்துவிட்டான். நானும்தான்.

"இவ்வளவு பெரிய ஆளு, மூக்கு ஒழுக உக்காந்திருக்க. துடைடா முதல்ல. அப்புறம் அழு."

அவன் துடைத்தான். அதன் பிறகு அவள் நிறுத்தவே இல்லை. ஒரு வருடம் பேசாததையெல்லாம் அந்த இரண்டு நிமிடத்தில் அவன் தலையில் கொட்டினாள். அடுத்த ஆட்டப் பருவத்தில் அவன் எங்கள் டீமுக்கே வந்து சேர்ந்தான். ஏன் என்று கேட்டதற்கு, "திட்டு எப்படியும் விழப்போகுது, வீட்டு ஆளா இருந்து வாங்கிக்கலாமேன்னு" என்றான். அவனுக்கு அலமாரி என்று பெயர் வைத்ததும் அக்காதான்.

அன்றிலிருந்து கதவு அவளுடையது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அரங்கம் போகப்போகிறது என்று தெரிந்தபோது மற்றவர்கள் டீமைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். நான் அந்தக் கதவைப் பற்றிக் கவலைப்பட்டேன்.

சேதி இப்படி வந்தது. டீமின் முதலாளி பிஸ்கட் கம்பெனிக்காரர். நல்ல மனிதர், ஆனால் நல்ல சேதி சொல்லும்போதுகூடக் கெட்ட சேதி சொல்கிற முகம். அன்றைக்கு உடை மாற்றுகிற அறையில் எல்லோரையும் நிற்க வைத்து, நிஜமாகவே கெட்ட சேதி சொன்னார். அரங்கக் கட்டடத்தை அதன் சொந்தக்காரர் விற்றுவிட்டார். வாங்கியவர் இடித்துவிட்டுக் கடை வளாகம் கட்டப்போகிறார். அடுத்த பருவத்துக்கு ஆடுகளம் எது என்று, போட்டிகளை நடத்துகிற லீக்கின் கூட்டத்துக்குள் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் டீம் வேறு ஊருக்குப் போகும். அந்த ஊரில் புது அரங்கம் கட்டி, டீம் இல்லாமல் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"உங்களையும் கூட்டிட்டுப் போறேம்மா" என்றார் அக்காவிடம். "அங்கயும் டீம் பஸ் ஓட்டலாம். வீடு தருவாங்க."

"அங்க கதவுக்கு ஆள் இருக்காங்களா?"

முதலாளி கோச்சைப் பார்த்தார். கோச் தரையைப் பார்த்தார். "அங்க கதவு தானா திறக்கும்மா. கரண்டு."

"கரண்டு திட்டுமா?" என்று கேட்டுவிட்டு அக்கா பஸ் சாவியை எடுத்தாள். "ஏறுங்க. இந்த ஊர்ல இடமா இல்ல? தேடலாம்."

முதலாளி, கோச், நான், அக்கா. டீம் பஸ்ஸிலேயே ஊரைச் சுற்றினோம். பொருட்காட்சி மண்டபம் பெரியதுதான், ஆனால் நடுவில் வரிசையாகத் தூண்கள். "தூணையும் எதிர் டீம்ல சேத்துக்கலாம், நம்ம பசங்களை நல்லா தடுக்கும்" என்றார் கோச். உரக் கிடங்குக்குப் போனோம். உள்ளே போனதும் எல்லோர் கண்ணிலும் தண்ணீர். முதலாளி கைக்குட்டைக்குள்ளிருந்து "வேண்டாம்" என்றார். ஒரு பழைய சினிமா தியேட்டர் சும்மா கிடக்கிறது என்றார்கள். அதையும் பார்த்தோம். தரை பின்னால் உயர்ந்து முன்னால் தாழ்ந்து கிடந்தது.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "இது என்ன முதலாளி, சறுக்கு மரமா? பசங்களை மேல இருந்து விட்டாப் போதும், மட்டையே வேணாம், தானா கோலுக்குள்ள போய் விழுவானுங்க. படம் பாக்கத்தான் சரிவு. ஆட்டத்துக்குத் தரைன்னா எங்க டெப்போ தரை மாதிரி இருக்கணும். தட்டு மாதிரி!"

சொல்லிவிட்டு வாயை மூடவில்லை. அப்படியே திறந்தபடி என்னைப் பார்த்தாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

பஸ் கம்பெனி புறவழிச் சாலையில் புது டெப்போ கட்டி வண்டிகளையெல்லாம் அங்கே கொண்டுபோய்விட்டது. ஊருக்கு நடுவில் பழைய கொட்டகை காலியாகக் கிடக்கிறது. ஓடாத பஸ்கள் சில, ஏலத்துக்காக ஓரமாக நிற்கின்றன. பஸ்கள் உள்ளேயே வளைந்து திரும்ப வேண்டும் என்பதால் நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை இரும்புச் சட்டங்கள்தான் கூரையைத் தாங்குகின்றன. கம்பெனி மேலாளர் நீர்நாய்களின் ரசிகர். காலிக் கொட்டகையைக் காவல் காப்பதே தலைவலி என்று இருந்தவர். முதலாளி கேட்டு முடிப்பதற்குள் சரி என்றார். அன்று திரும்பி வரும்போது அக்கா ஹாரன் அடித்துக்கொண்டே வந்தாள்.

லீக்கின் கட்டட ஆய்வாளர் வந்தார். குட்டையான நரை முடி, அதிகம் பேசாத அம்மா. கூரையைப் பார்த்தார், வாசல்களை அளந்தார், கழிப்பறை எங்கே வரும், கம்ப்ரஸர் எங்கே வரும் என்று கேட்டார். ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். கிரீஸும் பழைய டெப்போ ஆட்களும் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். அலமாரியும் வந்திருந்தான்.

"தரை?" என்றார் ஆய்வாளர்.

"அதைப் பத்திக் கேக்கவே வேணாம்மா" என்றாள் அக்கா. "இந்தத் தரையிலதான் என் பாதி ஆயுசு போச்சு. தட்டு மாதிரி. முடி அளவு ஏத்த இறக்கம் இருந்தாலும் நான் இனிமே அந்தப் பெட்டிக் கதவைத் தொடல. போதுமா?"

நான் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்தேன். கொத்தனார் வைத்திருப்பாரே, கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி ஓடுமே, அதுதான். அக்கா வெடுக்கென்று பிடுங்கித் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"டேய், நான் சொல்றதை விட இந்தக் குச்சிக்கு மரியாதையா?"

ஆய்வாளர் முன்னால் வந்தார். தன் பையிலிருந்து ஒரு ரப்பர் வில்லையை எடுத்தார். குனிந்து, அதைக் காசை நிறுத்துகிற மாதிரி விளிம்பில் நிறுத்தினார். விரலால் லேசாகத் தொட்டுவிட்டுக் கையை எடுத்தார்.

வில்லை உருள ஆரம்பித்தது. முதலில் மெதுவாக, நடந்து போகிற மாதிரி. பிறகு கொஞ்சம் அவசரமாக. நாங்கள் எல்லோரும் வழிவிட்டோம். அது எங்களைத் தாண்டி, முதலாளியின் கால்களுக்கு நடுவே நுழைந்து, பஸ் கழுவுகிற மூலைவரை போய், சுவரில் 'டொக்' என்று இடித்து விழுந்தது.

எல்லோரும் அக்காவைப் பார்த்தோம்.

"வில்லை சரியில்ல" என்றாள் அக்கா. குரல் அவள் குரலாகவே இல்லை.

அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு சத்தம். கிரீஸ் சிரிக்கிறார். அடக்கி அடக்கிப் பார்த்து, முடியாமல், பழைய டயர் மேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். மூலையில் குவிந்து கிடந்த மரக்கட்டைகளைக் கையால் காட்டினார்.

"கட்டை வச்சியா, கட்டை வச்சியான்னு எங்க உசிரை வாங்கினியே கட்டையம்மா! எதுக்குடா கட்டைன்னு உனக்கும் தோணல, எங்களுக்கும் தோணல பாரு!"

பஸ் கழுவுகிற தண்ணீர் வடிய வேண்டாமா? வடிய வேண்டும் என்றால் தரை சரிவாகத்தானே இருக்க வேண்டும்? இருந்ததால்தானே வண்டி தானாக நகர்ந்தது? நகர்ந்ததால்தானே கட்டை? இவ்வளவும் அவர்கள் கண் முன்னால்தான் தினமும் நடந்தது. பழகின காலுக்குச் சரிவே தெரியவில்லை. ரசமட்டத்தை வைத்துப் பார்த்தோம். இந்த முனைக்கும் அந்த முனைக்கும் முழங்கால் உயரம் வித்தியாசம்.

ஆய்வாளர் சிரிக்கவில்லை. பொறுமையாகவே சொன்னார். "இதுல தண்ணி ஊத்தினா எல்லாம் அந்த மூலைக்குத்தான் போகும். ஒரு பக்கம் பனி கண்ணாடி மாதிரி மெலிசா இருக்கும். இன்னொரு பக்கம் கனமாகி, மேல இளகிப்போயிடும். பசங்க காலை உடைச்சுக்குவாங்க. கூட்டம் வெள்ளிக்கிழமை. வியாழக்கிழமை நான் மறுபடி வரேன். அதுக்குள்ள மட்டமா இருந்தா, மத்தது எல்லாமே எனக்குச் சம்மதம்."

அக்கா கக்கத்திலிருந்த ரசமட்டத்தை என் கையில் கொடுத்தாள். பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். போகிற வழியில் ஹாரன் இல்லை.

அன்று சாயங்காலம் அவள் பேசவில்லை. சாப்பிட்டாள், தட்டைக் கழுவினாள், மாடிக்குப் போனாள். மறுநாள் காலையில் கீழே வந்து டீயை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். என் மனைவி என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். ஸ்கூட்டரை வேண்டுமென்றே வாசலில் குறுக்காக நிறுத்தி ஸ்டாண்டுகூடப் போடாமல் சுவரில் சாய்த்துவிட்டு வந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஒரு வார்த்தை இல்லை. அந்தப் பழைய வருடம் படியிறங்கி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.

சமையலறை வாசலில் வெளிச்சம் மறைந்தது. அலமாரி. தலையைக் குனிந்து, தோளைச் சாய்த்து, எப்படியோ உள்ளே வந்தான். அக்கா பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தான். முக்காலி முனகியது.

"மூக்கைத் துடைங்கக்கா" என்றான்.

அக்கா நிமிர்ந்தாள்.

"எனக்குச் சளிகூட இல்லடா!"

"எனக்கு மட்டும் அன்னைக்கு இருந்துச்சா? நீங்க சொன்னீங்க, நான் துடைச்சேன்."

"பொய் சொல்லாத. ஒழுகிட்டு இருந்துச்சு. நான் பாத்தேன்."

"சரி, ஒழுகிச்சு. இப்ப என்ன பண்ணலாம், அதைச் சொல்லுங்க."

"என்ன பண்றது? பள்ளமா இருந்தா ரொப்பணும், வேற என்ன? மண்ணைப் போட்டு ரொப்பணும்!" என்று கத்தினாள். கத்திவிட்டு அவளே நிறுத்திக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏன்டா, பழைய அரங்கத்துல பனிக்கு அடியில என்ன இருக்கு?"

"குழாய். குழாய்க்கு அடியில மணல்."

"அந்த மணல் இப்ப யாருக்கு வேணும்?"

என் மனைவி வாசல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அக்கா அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். "அந்த ஸ்கூட்டரை ஒழுங்கா நிறுத்துடா, மாடு மேய விட்ட மாதிரி நிக்குது."

நேராகப் பழைய அரங்கத்துக்குப் போனோம். வாங்கியவர், கடை வளாகக்காரர், வாகனம் நிறுத்துகிற இடத்தில் அஸ்திவாரத்துக்குத் தோண்ட ஆரம்பித்திருந்தார். மணலும் மண்ணுமாக மலை மாதிரி குவிந்து கிடந்தது. அக்கா அவர் முன்னால் போய் நின்றாள்.

"எங்களைத் துரத்துறீங்க, சரி. எங்க காலுக்குக் கீழ இருந்த மண்ணையாவது குடுங்க."

சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தவர், கேட்டது புரிந்ததும் கையைப் பிடிக்காத குறை. "தாராளமா எடுத்துக்கங்கம்மா! இதை எங்க கொட்டுறதுன்னு தெரியாமத்தான் நான் முழிச்சிட்டு இருக்கேன். உள்ள இருக்கிற மணலும் உங்களுக்கே."

லாரிக்காரர்களைக் கேட்டோம். அடுத்த வாரம் என்றார்கள். எங்களுக்கு அடுத்த வாரம் இல்லை. அக்கா பஸ் கம்பெனி மேலாளரைப் பார்த்துவிட்டு வந்தாள். ஏலத்துக்கு நின்ற பஸ்களை கிரீஸும் ஆட்களும் ஒவ்வொன்றாகத் தட்டி எழுப்பினார்கள். சீட்டுகளைக் கழற்றிக் குவித்தார்கள். புகை விட்டுக்கொண்டு, இருமிக்கொண்டு, செத்துப் பிழைத்த மாதிரி அந்த வண்டிகள் கிளம்பியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். விடுமுறையில் இருந்த டிரைவர்கள் ஓட்ட வந்தார்கள். கண்டக்டர்கள் விசிலோடு வந்தார்கள். ஆட்டக்காரர்கள் மட்டைக்குப் பதில் மண்வெட்டி பிடித்தார்கள். ரசிகர்கள் நீர்நாய்ச் சட்டையோடு வரிசையாக நின்று கூடை மாற்றினார்கள். ஜன்னல் வழியாக மண் உள்ளே போகும், கண்டக்டர் படியில் நின்று கத்துவார்: "உள்ள போங்க, உள்ள போங்க, வழியில நிக்காதீங்க, அடுத்த கூடைக்கு இடம் விடுங்க!"

வழியில் ஒரு நிறுத்தத்தில் ஒரு பெரியவர் பழக்க தோஷத்தில் கையைக் காட்டிவிட்டார். அக்காவும் பழக்க தோஷத்தில் நிறுத்திவிட்டாள்.

"மார்க்கெட் போகுமா?"

"போகாது ஐயா. ஆனா ஏறுங்க, ஒரு கூடை தூக்கினா டிக்கெட் வேணாம்."

அவர் மார்க்கெட்டுக்குப் போகவே இல்லை. வேலை முடியும்வரை எங்களோடுதான் இருந்தார்.

டெப்போவில் நான் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கயிறு கட்டினேன். தாழ்ந்த பக்கம் மண் சரியாமல் இருக்க, எழும்பவே மறுத்த ஒரு பஸ்ஸின் தரைப் பலகைகளை நிறுத்தி வேலி கட்டினோம். பலகைகள் பின்னுக்குச் சாய்ந்தன. முட்டுக் கொடுக்க எதுவும் கிடைக்கவில்லை. கிரீஸ் மூலைக்குப் போய் அந்த முக்கோணக் கட்டைகளை அள்ளிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு பலகைக்கும் ஒரு கட்டை. கச்சிதமாக உட்கார்ந்தன. அக்கா தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அடக்க முடியவில்லை.

"கட்டை வச்சியா?"

"வச்சாச்சு தாயே, வச்சாச்சு!" என்று கொட்டகை முழுக்கக் கத்தியது.

தண்ணீர் தெளித்து, மண்ணை உருளை விட்டு இறுக்கி, மேலே பழைய அரங்கத்து மணலைப் பரப்பினோம். ரசமட்டம் மறுபடி அக்கா கக்கத்துக்குப் போய்விட்டது. இந்த முறை வேறு மாதிரி. நான்கு காலில் தவழ்ந்து, அடிக்கு அடி அதை வைத்துப் பார்த்தாள். குமிழி இம்மி நகர்ந்தால் அலமாரியைக் கூப்பிட்டு அங்கே ஒரு கை மணல் போடச் சொல்வாள். வீட்டுக்கு வந்தும் விடவில்லை. சாப்பிடுகிற மேசையில் வைத்தாள், ஜன்னல் கட்டையில் வைத்தாள். "உன் வீடே சரிஞ்சு கிடக்குடா" என்றாள். நான் எதிர்த்துப் பேசவில்லை. அவள் பேசினால் போதும், வீடு சரிந்தால் சரியட்டும்.

வியாழக்கிழமை ஆய்வாளர் வந்தார். கொட்டகைக்குள் மண் சுமந்த அத்தனை பேரும் நின்றோம். மணல்மேல் ஒரு நீளமான கண்ணாடிப் பலகையைப் போட்டார். அதன்மேல் வில்லையை விளிம்பில் நிறுத்தினார். கையை எடுத்தார்.

வில்லை நின்றது.

பலகையை நடுவுக்கு எடுத்துப் போனார். நின்றது. பஸ் கழுவுகிற மூலைக்குப் போனார். அங்கேயும் நிறுத்தினார். அலமாரி மூச்சைப் பிடித்துக்கொண்டு முகமெல்லாம் சிவந்திருந்தான். வில்லை நின்றது. நின்றுகொண்டே இருந்தது. கடைசியில் உரக் கிடங்கு ஞாபகமோ என்னவோ, முதலாளி தும்மினார். வில்லை சாய்ந்து விழுந்தது.

"அது தும்மலுக்கு விழுந்துச்சு! சரிவுக்கு இல்ல!" என்று அக்கா பாய்ந்தாள்.

ஆய்வாளர் முதல் தடவையாகச் சிரித்தார். வில்லையை எடுத்து, மணலைத் துடைத்து, அக்கா கையில் வைத்தார்.

"நான் பாத்துட்டேம்மா. கதவைத் தொடலாம் நீங்க."

அதன்பின் என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்ல முடியாது. கிரீஸ் ஒரு பஸ்ஸில் ஏறி ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். மற்ற டிரைவர்களும் அமுக்கினார்கள். அலமாரி அக்காவைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கொட்டகையைச் சுற்றினான். அவள் அவன் தலையில் ரசமட்டத்தால் தட்டிக்கொண்டே, "இறக்குடா, மணலை மிதிக்காத, மட்டம் போயிடும், மட்டம் போயிடும்" என்று கத்தினாள். வெள்ளிக்கிழமை லீக் கூட்டத்திலிருந்து முதலாளி போன் பண்ணினார். துக்கச் சேதி சொல்கிற அதே குரலில், "டீம் எங்கயும் போகல" என்றார்.

குழாய் பதித்தேன். தண்ணீரை மெல்லிய படலம் படலமாகத் தெளித்து உறைய வைத்தோம். நான் இத்தனை காலம் உறைய வைத்ததில் அந்தப் பனி மாதிரி ஒன்றைப் பார்த்ததில்லை. கூரை விளக்கு அதில் அப்படியே தெரியும். பழைய அரங்கத்தை இடிப்பதற்கு முன் அந்தக் கண்ணாடிப் பெட்டியைக் கதவோடு பெயர்த்துக்கொண்டு வந்து பொருத்தினோம். கீலுக்கு எண்ணெய் விட்டது அக்கா.

முதல் ஆட்டத்தன்று சுவரோரம் ஒட்டிப் போட்ட படிகளில் ஊசி குத்த இடமில்லை. எதிர் டீம், எங்களுக்காகக் காத்திருந்தார்களே, அந்த ஊர்க்காரர்கள். எங்களைக் கொண்டுபோக முடியாமல் வேறொரு டீமைப் பிடித்துக்கொண்டார்கள். ஆட்டம் ஆரம்பித்த சூட்டிலேயே விசில். வேறு யார், அலமாரிதான். ஒருவனை ஆடுகள ஓரத் தடுப்போடு சேர்த்து அப்பிவிட்டான். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பெட்டிக்கு வந்தான். அக்கா கதவைத் திறந்தாள், அவனை உள்ளே விட்டாள், சாத்தினாள்.

மேல் படியிலிருந்து ஒரு தனிக் குரல் வந்தது. கிரீஸ் குரல்.

"கட்டை வச்சியா?"

பிறகு டெப்போ ஆட்கள். பிறகு மண் சுமந்தவர்கள். பிறகு, எதற்கு என்றே தெரியாமல், கொட்டகை முழுக்க. "கட்டை வச்சியா! கட்டை வச்சியா!" இரும்புச் சட்டங்கள் அதிர்ந்தன. எதிர் டீம் கோச் மிரண்டுபோய் மேலே கூரையைப் பார்த்தார்.

அக்கா பெட்டிக்குள் குனிந்து, பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு முக்கோணக் கட்டையை எடுத்துத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள். அதன்பின் கேட்ட சத்தத்தில் என் கம்ப்ரஸர் ஓடுகிறதா நிற்கிறதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு நாங்கள் ஜெயித்தோம். கடைசி கோல் அலமாரியுடையது, பெட்டியிலிருந்து வெளியே வந்த வேகத்தில் போட்டது. இப்போதும் எங்கள் ஊருக்கு ஆட வருகிற எந்த டீமும், முதல் ஆள் பெட்டிக்குப் போகும்போது அந்தக் கூச்சலைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கூட்டம் கலைந்த பிறகு பெட்டிப் பக்கம் போனேன். அக்கா கட்டையைத் துடைத்து, பெஞ்சுக்கு அடியில் பத்திரமாக வைத்துக்கொண்டிருந்தாள்.

"அதான் தரை மட்டமாயிடுச்சேக்கா. இன்னும் எதுக்கு அது?"

"மட்டம்னு யாருடா சொன்னா?"

"நீதான்!"

"முன்னாடியும் நான்தான் சொன்னேன்" என்றாள். கதவை ஒரு முறை திறந்து, மூடி, கொக்கி விழுந்ததா என்று பார்த்துவிட்டு, பஸ் சாவியை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.